பேராசிரியர் ஆக்கப்பட்ட பயிற்றுநர்: அமோஸ் அலோன்சோ ஸ்டாக் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1938ஆம் ஆண்டு நவம்பரில், கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிலுள்ள பசிபிக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ரயிலேறிச் சிக்காகோவுக்கு வந்தது. மெதடிஸ்ட் திருச்சபையினர் நிறுவிய சிறிய கல்லூரி அது. வந்த அணி, சிக்காகோ பல்கலைக்கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே 32–0 என்ற கணக்கில் தோற்கடித்தது. மைதானத்தின் பெயர் ஸ்டாக் ஃபீல்டு. வென்ற அணியின் பயிற்றுநர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். மைதானத்துக்கு வைக்கப்பட்டது அவருடைய பெயர்தான். அப்போது அவருக்கு வயது 76. அந்தப் பல்கலைக்கழகத்தில் 41 பருவங்கள் பயிற்றுநராக இருந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வயதைக் காரணம் காட்டி வெளியே அனுப்பப்பட்டவர் அவர். அடுத்த ஆண்டு டிசம்பரில் சிக்காகோ பல்கலைக்கழகம் இந்த விளையாட்டையே கைவிட்டது.

கல்லூரி அணியில் ஆடிய ஓர் இளைஞர் படிப்பு முடிந்ததும் கல்வி நிறுவனத்தில் பயிற்றுநர் ஆவது இன்று அமெரிக்காவில் வழக்கமான வாழ்க்கைப் பாதை. 1890ஆம் ஆண்டுவாக்கில் அப்படி ஒரு பாதை கிடையாது. பயிற்றுநர் என்பது அன்று சம்பளம் பெறும் வேலையாகக்கூட உருவாகியிருக்கவில்லை. முன்னாள் மாணவர்கள் ஊருக்கு வந்து சில வாரங்கள் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். அல்லது அணித் தலைவரே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வார். அந்த நிலையில் ஒரு புதிய பல்கலைக்கழகம் ஒரு விளையாட்டுக்காரரை அழைத்து, இணைப் பேராசிரியர் பதவியும் பணி நிரந்தரமும் கொடுத்து அமர்த்தியது. அந்த ஒரு நியமனம் எதற்கெல்லாம் வழிவிட்டது, எதைக் காத்தது, எதைக் காக்க முடியாமல் போனது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

சொல் குறித்து ஒரு விளக்கம் தேவை. இங்கே கால்பந்து என்று குறிப்பிடுவது நாம் தெருவிலும் திடலிலும் ஆடும் ஆட்டத்தை அல்ல. ரக்பியிலிருந்து கிளைத்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியை உடலால் மோதித் தள்ளி, கெஜக் கணக்கில் நிலத்தைப் பிடித்துக்கொண்டே எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி முன்னேறும் அமெரிக்க ஆட்டத்தையே குறிப்பிடுகிறேன்.

வறுமையும் யேலும்

ஸ்டாக் 1862 ஆகஸ்ட் 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர். தந்தை காலணி செய்யும் தொழிலாளி. அந்த வேலை இல்லாத நாட்களில் கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனவர். மகனும் உடன் சென்று வேலை செய்தே பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு ஃபிலிப்ஸ் எக்ஸெட்டர் என்ற பழம்பெரும் பள்ளியில் ஓராண்டு படித்தார். அங்கே அவர் தங்கியது கணப்பு வசதியில்லாத ஒரு மச்சு அறையில். யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதிலும் இதே நிலைதான். சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக் குறைத்து, ஒரு கட்டத்தில் ஊட்டச்சத்தின்றி உடல் தளர்ந்து விழுந்திருக்கிறார். பிற்காலத்தில் தம் மாணவர்களின் உணவு, உறக்கம், குடிப்பழக்கம், புகைப்பழக்கம் ஆகியவற்றில் அவர் காட்டிய கெடுபிடியைப் பக்தியின் விளைவு என்று மட்டுமே விளக்குவோர் உண்டு; பசித்திருந்த இந்த ஆண்டுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

யேலில் அவர் முதலில் பெயர் பெற்றது பேஸ்பால் பந்துவீச்சாளராகத்தான். ஹார்வர்டையும் பிரின்ஸ்டனையும் ஆண்டுதோறும் வென்ற அணியின் தூண் அவர். தொழில்முறை அணிகள் பணத்தோடு வந்து அழைத்தன, அவர் மறுத்துவிட்டார். அக்காலத் தொழில்முறை பேஸ்பாலைச் சூழ்ந்திருந்த மதுக்கடைச் சூழல் அவருக்கு ஒவ்வவில்லை. மத போதகராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். இளநிலைப் படிப்பை முடித்த பிறகும் யேலிலேயே இறையியல் மாணவராகத் தொடர்ந்தார். அணியிலும் தொடர்ந்து ஆடினார். பட்டம் பெற்றவர் கல்லூரி அணியில் ஆடக்கூடாது என்ற விதி அன்று இல்லை.

1888ஆம் ஆண்டின் யேல் அணி இந்த விளையாட்டின் வரலாற்றில் தனித்து நிற்பது. 13 ஆட்டங்கள் ஆடி எல்லாவற்றிலும் வென்றது. மொத்தம் 698 புள்ளிகள் எடுத்த அந்த அணிக்கு எதிராக எவரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஸ்டாக் அந்த அணியில் முன்வரிசையின் ஓரத்தில், எண்ட் என்று சொல்லப்படும் இடத்தில் ஆடினார். அந்த ஆட்டத்துக்கு ஏற்ற பெரிய உடல் அவருக்கு இல்லை. எதிராளியின் அசைவை முன்கூட்டியே ஊகிப்பதில்தான் அவருடைய பலம் இருந்தது. அடுத்த ஆண்டு, நாட்டின் தலைசிறந்த பதினொருவர் என்று முதன்முறையாக ஒரு பட்டியல் வெளியானபோது அதில் அவர் பெயர் இருந்தது.

அணியை வழிநடத்தியவர் வால்ட்டர் கேம்ப். ரக்பியை அமெரிக்கக் கால்பந்தாக மாற்றிய விதிகளில் பெரும்பகுதி அவருடையது. ஆயினும் அவர் சம்பளப் பயிற்றுநர் அல்லர். நியூ ஹேவனில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். பகலில் பயிற்சிக்கு வர இயலாததால் அவர் மனைவி ஆலிஸ் மைதானத்துக்குப் போய் ஆட்டக்காரர்களைக் கவனித்துக் குறிப்பெடுத்து வருவார். இரவில் அந்தக் குறிப்புகளை வைத்துக் கேம்ப் அணித் தலைவருடன் பேசுவார். நாட்டின் மிகச் சிறந்த அணிக்கே முழுநேரப் பயிற்றுநர் இல்லாத காலம் அது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் இரண்டு ஆண்டுகள்

மேடையில் நின்று பிறர் மனங்கொள்ளப் பேசும் திறன் தமக்கில்லை என்பதை ஸ்டாக் மெல்ல உணர்ந்தார். போதகர் பணிக்கு அது பெருங்குறை. 1890இல் இறையியல் படிப்பை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திவந்த பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். உடலைப் பேணுவதும் இறைத்தொண்டே என்பது அந்தப் பள்ளியின் அடிப்படைக் கொள்கை. சொல்லால் செய்ய இயலாத போதனையை மைதானத்தில் செய்யலாம் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்ட இடம் இதுவே. பிற்காலத்தில் சிக்காகோவில் அவர் செய்த ஒவ்வொன்றையும், நல்லதோ அல்லதோ, இந்த எண்ணத்தை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

அங்கே அவர் ஒரு கால்பந்து அணியைத் திரட்டினார். அதன் நடு ஆட்டக்காரர் கனடாவிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். என்னை ஏன் நடுவில் நிறுத்தினீர்கள் என்று நெய்ஸ்மித் கேட்டதற்கு, மிக மோசமான காரியத்தையும் மிகக் கண்ணியமாகச் செய்யத் தெரிந்தவர் நீங்கள்தாம் என்று ஸ்டாக் பதில் சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. 1891 டிசம்பரில் இதே நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். 1892 மார்ச் 11 அன்று பொதுமக்கள் முன்னிலையில் நடந்த முதல் கூடைப்பந்தாட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5–1 என்று வென்றார்கள்; ஆசிரியர் அணியின் அந்த ஒரு புள்ளியை எடுத்தவர் ஸ்டாக்.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக், இதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அந்தக் கல்லூரியில் படித்துத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்ற உடற்கல்வி ஆசிரியர்கள் பலர். விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, விளையாட்டோடு ஒழுக்கத்தையும் சேர்த்துக் கற்பித்த நம் ‘பி.டி. மாஸ்டர்’ என்னும் உருவத்துக்கும் ஸ்டாக்குக்கும் ஒரே நாற்றங்கால்தான்.

நியமனம்

யேலில் ஸ்டாக்குக்கு விவிலியம் கற்பித்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். எண்ணெய் வணிகர் ராக்ஃபெல்லரின் பணத்தில் சிக்காகோவில் ஒரு பல்கலைக்கழகத்தை எழுப்பும் பொறுப்பு ஹார்ப்பருக்கு வந்தது. கட்டடங்கள் எழும் முன்பே அவர் தம் பழைய மாணவரை அழைத்துவிட்டார். நாடெங்கும் அனுப்பி மற்றக் கல்லூரிகளையெல்லாம் வீழ்த்தக்கூடிய அணிகளை உருவாக்கித் தாருங்கள், சொகுசு ரயில் பெட்டியும் விடுமுறையும் தருகிறேன் என்பது அழைப்பின் சாரம். வெளிப்படையாகவே இது விளம்பர நோக்கம். ஆனால் அந்த நோக்கத்துக்கு அவர் அணிவித்த ஆடை கல்வி ஆடையாக இருந்தது: உடற்கல்வித் துறையின் இயக்குநர், இணைப் பேராசிரியர், ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளம், பணி நிரந்தரம். ஒரு விளையாட்டுப் பயிற்றுநருக்கு இத்தகைய நிலை கிடைத்தது அமெரிக்கக் கல்வி உலகில் புதியது.

1892 அக்டோபர் 1 அன்று வகுப்புகள் தொடங்கின. ஸ்டாக் அணி திரட்டியபோது பதினொரு பேரைச் சேர்ப்பதே பாடாக இருந்ததால் அவரே சட்டையை மாற்றிக்கொண்டு களத்தில் இறங்கினார். முதல் பருவத்தில் அவர்கள் மோதியவற்றில் உயர்நிலைப் பள்ளி அணிகளும் அடக்கம். பேராசிரியர் ஒருவர் பள்ளி மாணவர்களோடு புழுதியில் உருளும் காட்சியை அக்காலச் சிக்காகோ எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இரண்டே ஆண்டுகளில், 1894 கிறிஸ்துமஸ் அன்று, அதே அணி கண்டத்தின் மறுகோடியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டை எதிர்த்து ஆடி வென்றது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தரப்பில் வரவு செலவைக் கவனித்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் நாட்டின் அதிபரான ஹெர்பர்ட் ஹூவர்.

1893இல் ஹென்றி வில்லியம்ஸ் என்ற யேல் நண்பருடன் சேர்ந்து, ஆட்ட உத்திகளை வரைபடங்களோடு விளக்கும் ஒரு நூலை ஸ்டாக் எழுதினார். வாய்மொழியாகக் கைமாறிக்கொண்டிருந்த ஒரு கலை பாடநூலுக்குரிய வடிவத்துக்கு வந்தது. எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் பயிற்சிக்கான பொம்மை முதல் பேஸ்பால் மட்டையடிக்கான வலைக்கூண்டு வரை பல புதுமைகளை அவர் கணக்கில் எழுதுவது வழக்கம். எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்தாரா என்பதில் எனக்கு அக்கறை குறைவு. மைதானத்தை ஓர் ஆய்வுக்கூடம்போல் நடத்தி, முயன்று பார்த்ததை எழுதிவைத்து, அடுத்த ஆண்டு திருத்திக்கொண்டார் என்பதே முக்கியம். பணி நிரந்தரம் பெற்ற ஒருவருக்குத்தான் அதற்கான பொறுமை வாய்க்கும். 1894இல் அவர் மணந்த ஸ்டெல்லா ராபர்ட்சனும் இந்த வேலையில் முழுமையாக இறங்கினார். எதிரணிகளின் ஆட்டங்களைக் கவனித்து, ஒவ்வொரு நகர்வையும் தாளில் வரைந்து கணவரிடம் கொடுப்பார். ஆலிஸ் கேம்ப் செய்ததன் தொடர்ச்சி இது. இரண்டு பெண்களின் உழைப்பும் புள்ளிவிவர ஏடுகளில் ஏறவில்லை.

1905

இந்த நிகழ்வின் மையம் 1905ஆம் ஆண்டு. நன்மையும் தீமையும் ஒரே பருவத்தில் உச்சத்தைத் தொட்டன.

ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்றுவித்த மிச்சிகன் அணி, 56 ஆட்டங்களில் தோல்வியே காணாமல், எதிரணிகளைப் புள்ளிகளால் மூழ்கடித்துக்கொண்டு, நவம்பர் 30 அன்று சிக்காகோவுக்கு வந்தது. அமெரிக்கர்களின் விடுமுறையான நன்றி நவிலும் நாள். ஏறத்தாழ 27,000 பார்வையாளர்கள். ஆட்டம் முழுவதும் எவரும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்கவில்லை. சிக்காகோவின் வால்ட்டர் எக்கர்சால் உதைத்த பந்து மிச்சிகனின் கோட்டுக்குப் பின்னால் விழ, அதை எடுத்த டெனிசன் கிளார்க் என்ற இளைஞர் வெளியே ஓட முயன்றபோது சிக்காகோ ஆட்டக்காரர்கள் அவரைத் தடுத்துப் பின்னோக்கித் தள்ளினார்கள். சொந்தக் கோட்டுக்குப் பின்னால் மடக்கப்பட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளிகள். ஆட்டம் 2–0 என்று முடிந்தது. சிக்காகோ கொண்டாடியது. கடும் நோயில் இருந்த ஹார்ப்பர் அடுத்த ஆறு வாரங்களுக்குள் இறந்தார். கிளார்க்கின் பெயரைப் பத்திரிகைகள் பழியோடு எழுதின. 1932இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுச்சென்ற கடிதத்தில் அந்த ஆட்டத்தைக் குறிப்பிட்டிருந்தார். ஒழுக்கத்தைக் கற்பிக்கத்தான் விளையாட்டு என்று சொன்னவர்கள் நடத்திய ஆட்டத்தின் விலை இதுவென்றால், அந்த வெற்றியைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

எக்கர்சால் எங்கிருந்து வந்தார் என்பதும் இந்த ஆய்வுக்கு வேண்டியது. பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த ஹைட் பார்க் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் அவர். அந்தப் பள்ளி அணி 1902 டிசம்பரில், ஸ்டாக்கின் மைதானத்திலேயே, நியூயார்க்கிலிருந்து வந்த புரூக்ளின் பாலிடெக்னிக் பள்ளியை 105–0 என்று நசுக்கியது. ஸ்டாக் அந்தப் பள்ளிச் சிறுவர்களுக்கு உதவியிருக்கிறார். 1902 முதல் அவர் உயர்நிலைப் பள்ளிகளுக்கான தடகளப் போட்டியையும், 1917 முதல் 1930 வரை நாடு தழுவிய பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியையும் பல்கலைக்கழக வளாகத்தில் நடத்தினார். பள்ளி விளையாட்டை வளர்த்ததற்காக அவரைப் புகழலாம். நல்ல ஆட்டக்காரர்களைச் சிறு வயதிலேயே தம் வளாகத்தைப் பார்க்கவைத்து வளைத்துக்கொள்ளும் வழி அது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. எக்கர்சால் மூன்று ஆண்டுகள் தேசிய அளவில் தலைசிறந்தவர் என்று தேர்வு பெற்றார். பட்டம் பெறாமலே வெளியேறினார். அவருடைய படிப்பு தேறவில்லை என்பதை அறிந்தே அவரைக் களத்தில் வைத்திருந்தார்கள். 1905 நவம்பரில் காலியர்ஸ் இதழில் எட்வர்ட் ஜோர்டன் எழுதிய கட்டுரைத் தொடர், மேற்குப் பல்கலைக்கழகங்கள் (சிக்காகோ வட்டாரம் அன்று மேற்கு எனப்பட்டது) வெற்றியை விலைக்கு வாங்குகின்றன என்று குற்றஞ்சாட்டியபோது சிக்காகோவின் பெயரையும் வெளிப்படையாக எழுதியது.

புகைக்காத, குடிக்காத, வசைச்சொல் பேசாத ஒருவர் இதை எப்படித் தமக்குள் நியாயப்படுத்தியிருப்பார்? மாணவர்மீது மிகுந்த கோபம் வந்தால் அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சச் சொல் கழுதை என்பதாம். அவர் கபடக்காரர் அல்லர் என்றே நான் கருதுகிறேன். தம் துறைக்குள் வந்துவிட்ட இளைஞன் தம் ஒழுக்கத்துக்குள் வந்துவிட்டான், எனவே அவன் கல்வி பெறுகிறான் என்று அவர் மனப்பூர்வமாக நம்பியிருக்கலாம். நுழைவுச்சீட்டு விற்பனையில் சேரும் பணம் அவருடைய துறையின் கையில் இருந்தது. தட்டிக்கேட்கக்கூடிய ஒரே மனிதரான ஹார்ப்பர், வெற்றியை அவரைவிட அதிகம் விரும்பினார். பணி நிரந்தரம் அவருக்குச் சுதந்திரம் தந்ததோடு, கணக்குக் கேட்பார் இல்லாத ஒரு தனி அரசையும் தந்துவிட்டது.

இதே பருவத்தில்தான் ஆட்டத்தில் நேர்ந்த மரணங்கள் நாட்டை உலுக்கின. குறைந்தது 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளி வயதினர். மூன்று முயற்சிகளில் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும் என்ற விதியால், எல்லோரும் கைகோத்து ஒரே புள்ளியில் மோதுவதே சிறந்த உத்தியாக இருந்தது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அக்டோபரிலேயே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசியிருந்தார். டிசம்பரில் 62 கல்லூரிகள் நியூயார்க்கில் கூடின, கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் இன்றைய என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தொடக்கம் அது. 1906க்கான புதிய விதிகளில் ஐந்து கெஜம் பத்து கெஜமானது. பந்தை முன்னோக்கி எறியும் உரிமை வந்தது. விதிக் குழுவில் 1904 முதலே மேற்குப் பகுதியின் குரலாக இருந்தவர் ஸ்டாக். உடல் பலத்துக்கு மட்டுமே இடமிருந்த ஆட்டம் இடைவெளியையும் கணிப்பையும் நோக்கி நகர்ந்தது. யேலில் சிறிய உடலோடு ஆடிய அந்த எண்ட் ஆட்டக்காரருக்கு இந்த மாற்றம் கைவந்த கலையாக இருந்ததில் வியப்பில்லை.

அதே 1906இல், மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சல் மேற்கு மாநாட்டுப் பல்கலைக்கழகங்களைக் கூட்டினார். மாநாடு என்பது இங்கே தங்களுக்குள் போட்டியிடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. ஒருவர் மூன்று ஆண்டுகள் மட்டுமே ஆடலாம். பருவத்துக்கு ஐந்து ஆட்டங்கள் போதும். ஆட்டக்காரர்களுக்குத் தனிச் சாப்பாட்டு மேசை கூடாது. இவற்றோடு இன்னொரு முடிவும் வந்தது: பயிற்றுநரைப் பல்கலைக்கழகமே முறைப்படி, மிதமான சம்பளத்தில் நியமிக்க வேண்டும். ஸ்டாக்குக்கு 14 ஆண்டுகளுக்கு முன் கிடைத்த ஏற்பாடு, இப்போது ஊழலுக்கான மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது! குற்றச்சாட்டுக்கு உள்ளான துறையின் அமைப்பே சீர்திருத்தத்தின் முன்மாதிரியானதை நான் எத்தனை முறை படித்தாலும் சற்று நின்றே கடக்கிறேன். கூட்டத்தைக் கூட்டிய மிச்சிகனோ விதிகளை ஏற்க முடியாமல் 1908இல் மாநாட்டை விட்டே விலகியது. திரும்பி வந்தது 1917இல்.

சரிவு

பிறகு வந்த ஆண்டுகளை விரைவாகக் கடக்கலாம். ஸ்டாக்கின் காலத்தில் மொத்தம் ஏழு மாநாட்டுப் பட்டங்கள் சிக்காகோவுக்குக் கிடைத்தன. கடைசிப் பட்டம் 1924இல். அந்த ஆண்டு, புகழ்பெற்ற ஆட்டக்காரர் ரெட் கிரேஞ்ச் ஆடிய இல்லினாய் அணியுடன் 21–21 என்று சமன் செய்த ஆட்டம் ஸ்டாக்கின் உத்திக் கூர்மைக்குக் கடைசிப் பெரிய சான்று. அதற்குப் பிறகு 1932 வரை, வெற்றிகள் தோல்விகளை விஞ்சிய பருவம் 1929 ஒன்றே. மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆயிரக்கணக்கில் இளநிலை மாணவர்களைச் சேர்த்துப் பெரிய அரங்குகளைக் கட்டின. சிக்காகோவோ ஆராய்ச்சியை முதன்மையாகக் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. அங்கே உடற்கல்விப் பட்டப் படிப்பு என்ற புகலிடம் ஆட்டக்காரர்களுக்கு இல்லை.

எட்டு ஆண்டுகளில் ஒரே ஒரு பருவத்தில் மட்டும் இப்படித் தலைதூக்கிய பயிற்றுநரை இன்று எந்தப் பல்கலைக்கழகமும் வைத்திருக்காது. ஸ்டாக்கைக் காத்தது அவருடைய பேராசிரியர் பதவி. அந்தப் பதவியே அவரை வெளியேற்றவும் செய்தது. பேராசிரியர்களுக்கு 70 வயதில் ஓய்வு என்பது விதி. 1929இல் 30 வயதில் பல்கலைக்கழகத் தலைவரான ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸுக்கு விளையாட்டின்மீது பற்றில்லை. விதிவிலக்கு தர அவர் முன்வரவில்லை. ஆலோசகர் போன்ற ஒரு பதவியை ஸ்டாக்குக்கு நீட்டினார்கள். அவர் ஏற்கவில்லை. ஹட்சின்ஸை வில்லனாக்கி எழுதுவது எளிது. ஆனால் பயிற்றுநர் ஒரு பேராசிரியர் என்ற கொள்கையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் அவர்தான் என்பதையும் பார்க்க வேண்டும். ஹார்ப்பர் அந்தச் சொல்லைத் தம் வசதிக்குப் பயன்படுத்தினார். ஹட்சின்ஸ் அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொண்டார்.

ஸ்டாக்குக்குப் பின் கிளார்க் ஷாக்னெஸ்ஸி வந்தார். 1935இல் சிக்காகோவின் ஜே பெர்வாங்கர் சிறந்த கல்லூரிக் கால்பந்து ஆட்டக்காரருக்கான முதல் ஹைஸ்மன் கோப்பையைப் பெற்றார். ஒரு தனி மனிதரால் அணியைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. 1939இல் மிச்சிகன் 85–0 என்றும், ஹார்வர்டும் ஒஹாயோ ஸ்டேட்டும் தலா 61–0 என்றும் சிக்காகோவை வீழ்த்தின. அந்த டிசம்பரில் பல்கலைக்கழகம் பெரிய அளவிலான கால்பந்துக்கு விடை கொடுத்தது. காலியான பார்வையாளர் மாடத்தின் அடியிலிருந்த ஓர் ஆட்டக்கூடத்தில்தான் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு மனிதரால் கட்டுப்படுத்தப்பட்ட முதல் அணுக்கரு தொடர்வினையை நிகழ்த்தியது. அந்த இடத்தருகே இன்று பல்கலைக்கழக நூலகம் நிற்கிறது.

எழுபதுக்குப் பிறகு

1933இல் பசிபிக் கல்லூரிக்குச் சென்ற ஸ்டாக், அங்கே 14 பருவங்கள் பயிற்றுவித்தார். மொத்தம் 60 வெற்றிகள், 77 தோல்விகள், 7 சமன்கள். தோல்விகளே அதிகம். ஆனால் பசிபிக் கல்லூரி அவரிடம் எதிர்பார்த்தது வேறு: பெரிய பெயர் கொண்ட ஒருவரும், பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதக் கிடைக்கும் வாய்ப்பும், அதனால் வரும் வருவாயும். ஹார்ப்பர் 1892இல் எதிர்பார்த்ததன் சிறிய பிரதி அது. 1943இல், கடற்படைப் பயிற்சி மாணவர்கள் வளாகத்துக்கு வந்ததால் பலம் பெற்ற அணி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்றது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் யு.சி.எல்.ஏ.யும் தோற்றவற்றில் அடக்கம். 81 வயதில் ஸ்டாக் அந்த ஆண்டின் சிறந்த பயிற்றுநராகத் தேர்வு பெற்றார். 1946 பருவத்தோடு பசிபிக்கும் அவரை ஆலோசகர் நிலைக்கு ஒதுங்கச் சொன்னது. மீண்டும் மறுத்தார்.

அடுத்துச் சென்ற இடம் பென்சில்வேனியாவின் செலின்ஸ்குரோவ் என்ற சிற்றூரிலுள்ள சஸ்குவெஹானா பல்கலைக்கழகம். அங்கே தலைமைப் பயிற்றுநர் அவருடைய மூத்த மகன் அமோஸ் ஜூனியர். 1947 முதல் 1952 வரை தந்தை தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்தார். 1951 பருவத்தில் ஆறு ஆட்டங்களிலும் வெற்றி. அந்த ஆண்டுதான் கல்லூரிக் கால்பந்தின் புகழரங்கில் அவரை ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் சேர்த்தார்கள். 1959இல் கூடைப்பந்தின் புகழரங்கும் சேர்த்துக்கொண்டது. ஸ்டெல்லாவின் உடல்நிலை தளர்ந்ததால் ஸ்டாக்டனுக்கே திரும்பி, அங்கிருந்த ஈராண்டுக் கல்லூரியில் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநராக 96 வயது வரை மைதானத்துக்குப் போய்வந்தார். பேராசிரியர் பதவி இல்லை, துறை இல்லை, நுழைவுச்சீட்டு வசூலும் இல்லை. மாணவனின் காலும் பந்தும் மட்டுமே. 1964இல் ஸ்டெல்லா இறந்தார். 1965 மார்ச் 17 அன்று, 102 வயதில் ஸ்டாக் இறந்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டில் 10, சிக்காகோவில் 244, பசிபிக்கில் 60 என்று அவருடைய வெற்றிகள் 314 ஆகின்றன. 1981 நவம்பரில் அலபாமா பல்கலைக்கழகப் பயிற்றுநர் பேர் பிரயன்ட் தம் 315ஆம் வெற்றியை எட்டி முந்தியபோது, சஸ்குவெஹானாவில் தந்தையும் மகனும் சேர்ந்து ஈட்டிய 21 வெற்றிகளையும் தந்தையின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சிலர் வாதிட்டார்கள். அவை மகனின் பெயரிலேயே பதிவாகியிருக்கின்றன.